அம்மாவின் பராமரிப்புச் செலவு: வீட்டை விற்பதா, பிள்ளைகள் பங்கு போடுவதா?

ஓசூர்க்காரன்:

வணக்கம். வீட்டுக்குள் பேசிப் பேசி முடிவு எட்டவில்லை. வெளியாட்களின் கருத்து வேண்டும்.

அம்மாவுக்கு 74 வயது. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறுகிறது, நினைவு தெளிவாக இருக்கிறது. மயிலாடுதுறையில் எங்கள் வீடு. கீழே அம்மா, மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து காலமானவர். குடும்ப ஓய்வூதியம் 19,000, மாடி வாடகை 7,000, வரவு அவ்வளவுதான். இரவு பகல் தங்கும் ஆயாவுக்கு ஏஜென்சி வழியாக 24,000 கொடுக்கிறோம். அவருக்குச் சாப்பாடு, பிசியோதெரபி, டயப்பர், மருந்து எல்லாம் போட்டால் 46,000 ஆகிறது. மாதம் 20,000 துண்டு விழுகிறது.

அண்ணன் துபாயில், நான் ஓசூரில். தங்கை மயிலாடுதுறையிலேயே வாடகை வீட்டில் இருக்கிறாள். தனியார் பள்ளி வேலையை விட்டுவிட்டுக் காலையும் மாலையும் அம்மாவிடம்தான் இருக்கிறாள். அண்ணன் வீட்டை விற்கச் சொல்கிறார். 60 லட்சம் போகும், அதை டெபாசிட் போட்டுவிட்டு அம்மாவைத் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார். ஆளுக்கு ஏழாயிரம் போட்டு அம்மாவை அதே வீட்டில் வைத்துக்கொள்வோம் என்பது என் கட்சி. எது சரி?

பேரேடு:

உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் மாதாமாதம் பங்கு போடுகிற ஏற்பாடு முதல் வருடம் ஒழுங்காக நடக்கும். அப்புறம் ஒருவர் வீட்டில் கல்லூரிக் கட்டணம், இன்னொருவருக்கு வேலை போகும், பேச்சு வார்த்தை தடிக்கும். உடம்பு விழுந்த அம்மா இதையெல்லாம் படுத்தபடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதைவிடக் கொடுமை வேறில்லை.

கணக்கைப் பாருங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். வட்டி இப்போது 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500, அதாவது மாதம் 20,500. உங்கள் துண்டு அங்கேயே அடைந்துவிட்டது. மீதி 30 லட்சம் வங்கியில் இருக்கும். பெற்றவர்கள் சேர்த்த சொத்து முதலில் அவர்கள் உடம்புக்குத்தான். மிஞ்சினால் பிள்ளைகளுக்கு.

சீர்காழி மகள்:

பேரேடு சார், உங்கள் கணக்கில் மூன்று விஷயம் விட்டுப்போயிருக்கிறது. வீட்டை விற்றால் மாடி வாடகை 7,000 நின்றுவிடும். தங்கையின் வாடகை வீட்டில் கட்டில், சக்கர நாற்காலி, தங்கும் ஆயா மூன்றுக்கும் இடம் வேண்டுமென்றால் பெரிய வீடு பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் அதற்குக் குறைந்தது ஆறாயிரம் கூடும். ஆக 13,000 போயிற்று.

மூன்றாவது அம்மா. என் மாமியாருக்கும் இதே வலப்பக்கம்தான் விழுந்தது. கட்டிலுக்கு இடது பக்கம் இருக்கிற ஜன்னல் கம்பியைப் பிடித்துத்தான் தானாக ஒருக்களிப்பார். கழிவறைக்கு எத்தனை அடி, நிலைப்படி எங்கே என்று இருட்டிலும் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் இடுப்பெலும்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்து படுக்கைப்புண் வந்துவிடும். அந்த ஜன்னல் கம்பி இருந்ததால் பாதி நேரம் அவரே திரும்பிக்கொண்டார். மச்சினர் வீட்டுக்கு மாற்றியதும் அந்த வழக்கம் நின்றுபோனது, முதுகில் புண் வந்தது. டெபாசிட் வட்டியில் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

பேரேடு:

புண்ணைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை அம்மா. ஆனால் தங்கை வீட்டிலும் ஜன்னலோரம் கட்டில் போடலாம், கைப்பிடிக் கம்பி அடிக்கலாம். பணத்தை எங்கே அடிப்பது? நீங்கள் சொன்ன 13,000-ஐக் கழித்தாலும், இரண்டாவது 30 லட்சத்துக்கு 7 சதவீதம் வைத்துப் பாருங்கள், மாதம் 17,500. மொத்தம் 38,000. கழிக்க வேண்டியதைக் கழித்தால் 25,000 மிச்சம். துண்டு 20,000-தானே?

பத்திரப்பக்கம்:

எல்லோரும் விலை போட்டுவிட்டீர்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது?

ஓசூர்க்காரன்:

அப்பா பெயரில். அவர் சம்பாதித்துக் கட்டியது. உயில் எதுவும் இல்லை. பட்டா இன்னும் மாற்றவில்லை.

பத்திரப்பக்கம்:

அப்படியானால் மேலே நடந்த சண்டை முழுக்க இல்லாத பணத்துக்கு நடந்த சண்டை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சுயார்ஜிதச் சொத்து, அதாவது அவரே சம்பாதித்த சொத்து, மனைவிக்கும் மக்களுக்கும் சமமாகப் போகும். மகளுக்கும் அதே பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இல்லையென்றால் நான்கு பங்கு. உங்கள் அம்மாவுடையது நான்கில் ஒன்று. 60 லட்சத்தில் 15 லட்சம்.

அந்த 15 லட்சத்தை 8.2 சதவீதத்தில் போட்டால் மாதம் 10,250 வரும். போவது 13,000. விற்றபின் அம்மா இன்றைக்கு இருப்பதைவிடக் கீழே இறங்குவார், அவருக்கு வீடும் இருக்காது. மீதி 45 லட்சம் சட்டப்படி உங்கள் மூன்று பேர் கைக்கு வரும். "அம்மாவுக்காக விற்கலாம்" என்று உங்கள் அண்ணன் சொல்லும்போது தன் 15 லட்சத்தையும் அம்மா பெயரில் போடுவதாகச் சொல்கிறாரா? அதைக் கேட்டுச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

இன்னொன்று. அண்ணன் வெளிநாடு வாழ் இந்தியர் என்பதால் அவர் பங்குக்கு வாங்குபவர் வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். மூலதன ஆதாய வரி எல்லோருக்கும் உண்டு. 60 லட்சம் முழுசாகக் கைக்கு வராது.

என் யோசனை: பிள்ளைகள் மூன்று பேரும் தங்கள் பங்கை அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத்தாள் சலுகை விகிதத்தில்தான். வீடு முழுதும் அம்மாவுடையது ஆனபிறகு விற்பதா வைப்பதா என்று அம்மாவிடமே கேளுங்கள். நினைவு தெளிவு என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவரை ஒருவரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

பெரியமகன்:

இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மூத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கும் மனசு உண்டு. எல்லோரும் எழுதிக் கொடுத்த பிறகு, பக்கத்தில் இருக்கிற ஒருவர் அம்மாவின் இடது கைப் பெருவிரலைப் பிடித்துத் தன் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் வாங்கிக்கொண்டால் என்ன செய்வது? எங்கள் சொந்தத்திலேயே நடந்தது. சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்துப் பதிவு செய்தார்கள். துபாயில் இருப்பவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவரைப் பேராசைக்காரர் மாதிரி எழுத வேண்டாம்.

பத்திரப்பக்கம்:

பயம் நியாயம்தான். நடக்காத விஷயமும் இல்லை, நடக்க முடியாதவருக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கு வருவதைப் பதிவுச் சட்டமே அனுமதிக்கிறது. அதற்கு இரண்டு பாதுகாப்பு சொல்கிறேன்.

அம்மா உயிலோ செட்டில்மென்டோ எழுதாமல் போனால் வீடு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகத் திரும்பி வரும். எழுதிவிட்டால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இருக்கிறது. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால், வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று சொல்லலாம். நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டுமா என்பதில் வழக்குகள் இரண்டு பக்கமும் போயிருக்கின்றன. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்தே ஆக வேண்டும் என்றது, 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் முதியவர்கள் பக்கம் தாராளமாகப் பொருள் கொண்டது. அதனால் எழுதினால் நிபந்தனையைத் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

பெரியமகன்:

23-ஆம் பிரிவு அம்மாவைக் காப்பாற்றும், சரி. பார்த்துக்கொண்டே சொத்தையும் வாங்கிக்கொள்கிற பிள்ளையிடமிருந்து மற்ற பிள்ளைகளைக் காப்பாற்றுமா?

சீர்காழி மகள்:

காப்பாற்றாது. காப்பாற்றவும் தேவையில்லை என்பேன்.

பெரியமகன் அண்ணா, கோபப்படாமல் படியுங்கள். ஓசூர் அண்ணனின் முதல் பதிவில் 46,000 என்று ஒரு தொகை இருக்கிறது. அதில் தங்கையின் உழைப்புக்கு ஒரு பைசா இல்லை. பள்ளி வேலையை விட்டிருக்கிறாள். சம்பளம் போயிற்று, பி.எஃப். நின்றது, நாற்பதுகளில் விட்ட வேலை திரும்பக் கிடைக்காது. ஆயா லீவு போடுகிற நாளில் பீத்துணி அலசுவது அவள். வேகமாகத் தண்ணீர் கொடுத்தால் புரையேறும் என்று ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அவள். ஆளுக்கு ஏழாயிரம் என்று ஓசூர் அண்ணன் போடும் கணக்கில் அவளும் ஏழாயிரம் போட வேண்டும்! உழைப்பும் கொடுத்து, சம்பளமும் இழந்து, பங்கும் போட வேண்டுமா? முதலில் அதை மாற்றுங்கள். அண்ணன்கள் இரண்டு பேரும் பத்துப் பத்தாயிரம், அதற்கு மேல் தங்கைக்கு மாதம் ஒரு தொகை.

பெரியமகன்:

பெற்ற தாயைப் பார்க்க மகளுக்குச் சம்பளமா? இதற்கு மேல் நாம் எங்கே போய் நிற்கப் போகிறோம்?

சீர்காழி மகள்:

ஏஜென்சி அனுப்பும் முன்பின் தெரியாதவருக்கு 24,000 எண்ணி வைக்கிறோம், அதில் ஏஜென்சிக்குக் கமிஷனும் போகிறது. அப்போது கூசாத கை மகளுக்குக் கொடுக்கும்போது மட்டும் ஏன் கூச வேண்டும்? அம்மாவைப் பார்ப்பது மகன்களுக்கும் கடமைதான். அந்தக் கடமையைச் செய்ய முடியாத தூரத்தில் இருப்பவர்கள், செய்கிறவருக்குக் கொடுக்கட்டும். மாதாமாதம் கையில் கொடுத்துவிட்டால் கடைசியில் "வீடு எனக்கு" என்ற பேச்சே எழாது. நீங்கள் பயப்படும் செட்டில்மென்ட் பெரும்பாலும் வருடக்கணக்கில் ஒன்றும் தராமல் விட்ட வீடுகளில்தான் நடக்கிறது.

சிங்கைவாசி:

இங்கே சிங்கப்பூரில் 2020 முதல் கேர்ஷீல்டு லைஃப் என்ற நெடுங்காலப் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. 1980-லும் அதற்குப் பிறகும் பிறந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தானாகவே அதில் சேர்க்கப்படுகிறார்கள். குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை போவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்று முடியாமல் போனால், அந்த நிலை நீடிக்கும்வரை மாதாமாதம் ரொக்கம் வரும். ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் அம்மாவுக்குத் தேவைப்படுவது அப்படியொரு பணம்தான். இந்தியாவில் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் இதற்குக் கொடுப்பதில்லையா?

பேரேடு:

அந்த மாதிரித் திட்டம் இங்கே இல்லை. 2024 அக்டோபரில் 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் 5 லட்சம் காப்பீடு என்று மத்திய அரசு கொண்டுவந்தது, அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். ஆயா சம்பளத்துக்கோ டயப்பருக்கோ உதவாது. வீட்டு அடமான ஓய்வூதியம், அதாவது வங்கி மாதாமாதம் கொடுத்து இறந்தபின் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் கடன், 2007 முதல் இருக்கிறது. ஆனால் வங்கிகள் பொதுவாகச் சுயார்ஜித வீடாகவும் வில்லங்கமில்லாத பத்திரமாகவும் கேட்கும், கணவர் வழி வந்த வீட்டுக்கு நம்ப வேண்டாம்.

ஒன்று மட்டும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரையும் தருகிறார்கள். நகர ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். தனியார் பிசியோதெரபியைக் கொஞ்சம் குறைத்தாலும் மாதம் சில ஆயிரம் மிஞ்சும்.

பத்திரப்பக்கம்:

இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு ஒரு காரணமும் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் பவர், அதாவது அவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், வாங்கி வைத்துக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவுப்படி, கொடுத்தவருக்குப் புத்தி தடுமாறிவிட்டால் பவர் அன்றே செத்துவிடும். இரண்டாவது பக்கவாதம் வந்து நினைவு போய்விட்டால் வங்கியில் பணம் எடுக்கவும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். இப்போதே அவர் சேமிப்புக் கணக்கைத் தங்கையோடு இருவரில் எவரும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். குடும்ப ஓய்வூதியம் வரும் கணக்கு என்றால் கருவூலத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஓசூர்க்காரன்:

அண்ணனிடம் பேசினேன். தன் பங்கையும் அம்மா பெயரில் போடுவாயா என்று நேரடியாகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்பாவின் வீட்டில் தனக்கு நான்கில் ஒரு பங்கு உண்டு என்பதே அவருக்குத் தெரியாது, மொத்தமும் அம்மாவுடையது என்று நினைத்துத்தான் விற்கச் சொல்லியிருக்கிறார். விடுதலைப் பத்திரத்துக்குச் சம்மதித்திருக்கிறார். ஒரு நிபந்தனை: அம்மா இருக்கும்வரை மூன்று பேரையும் கூப்பிட்டுப் பேசாமல் எந்தப் பத்திரமும் போடக்கூடாது. தங்கை ஒப்புக்கொண்டாள்.

சீர்காழி மகள் சொன்னபடி தங்கையைப் பங்கிலிருந்து எடுத்துவிட்டோம். அண்ணன் 15,000, நான் 11,000. துண்டு போக ஆறாயிரம் தங்கைக்கு. குறைவுதான், மார்ச்சுக்கு மேல் கூட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடமும் கேட்டோம். "மாடிக்காரங்க நல்லவங்க, அவங்களை அனுப்பாதீங்க" என்றார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டோம்.

பெரியமகன்:

வாயால் சொன்ன நிபந்தனை பதிவுத்துறையில் நிற்காது. மூன்று பேரும் கையெழுத்திட்டு ஒரு தாளிலாவது எழுதி வையுங்கள்.

பேரேடு:

என் கருத்து மாறவில்லை, ஆயா சம்பளம் 30,000 ஆகும் அன்று விற்பனைப் பேச்சு திரும்ப வரும். ஆனால் அன்றைக்கு 60 லட்சமும் உங்கள் அம்மாவுடையதாக இருக்கும் என்பதால் பத்திர யோசனையை ஏற்கிறேன். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு முதலில் மனுப் போடுங்கள், அது இல்லாமல் ஒன்றும் நகராது. அண்ணன் வர முடியாவிட்டால் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிப் பவர் அனுப்பட்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிட வேண்டும், தவறவிடாதீர்கள்.