அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) அழுத்தினால் நோயாளியின் வயிறு உப்புகிறது, உதவுங்கள்

சிஆர்ஆர்ஐ_தவிப்பு: நான் பயிற்சி மருத்துவர் (சிஆர்ஆர்ஐ), இப்போது மயக்கவியல் போஸ்டிங். மாஸ்க் பிடித்து பேக் அழுத்தினால் நெஞ்சு லேசாகத்தான் எழும்புகிறது, வயிறு மட்டும் பலூன் மாதிரி ஏறுகிறது. லீக் இல்லை. நாளையும் ஆபரேஷன் லிஸ்ட் இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

ஐசியூ_அக்கா: பெரியவரா, குழந்தையா? வாயில் ஏர்வே (நாக்கு பின்னால் விழாமல் தடுக்கும் வளைந்த குழாய்) போட்டீர்களா? மாஸ்க்கும் பேக்கும் ஒரே ஆளா?

மெதுவா_அழுத்து: வேகம்தான் காரணம், எழுதித் தருகிறேன். பெரியவர்களுக்கான பேக் ஒன்றரை லிட்டர் பிடிக்கும், தேவை 500 மி.லி. பக்கம்தான். மொத்தத்தையும் பிசைந்தால் மிச்சம் எங்கே போகும்? ஒரு விநாடி எடுத்து அழுத்தி, நெஞ்சு எழும்பியதும் விட்டுவிடுங்கள்.

தாடை_தூக்கி: நெஞ்சு சரியாக எழும்பவில்லை என்கிறார், நாக்கு பின்னால் விழுந்து வழி அடைத்திருக்கும். மாஸ்க்கை முகத்தில் அமுக்காமல் தாடையை மாஸ்க்கை நோக்கித் தூக்குங்கள். விரல் எலும்பில் இருக்கட்டும், தாடைக்குக் கீழே உள்ள சதையில் வேண்டாம்.

பழைய_கை: தம்பி, இதெல்லாம் போஸ்டிங்குக்கு முன்பே படித்துவிட்டு வர வேண்டியது. உணவுக்குழாயின் கீழ்ச் சுருக்குத்தசை சுமார் 20 செ.மீ. நீரழுத்தம் வரைதான் தாங்கும், இதயம் நின்றவருக்கு அதைவிட மிகக் குறைவு. கிரிக்காய்டை (குரல்வளைக்குக் கீழ்ப்பகுதியில் உள்ள வளையக் குருத்தெலும்பு) அழுத்திப் பிடிக்கச் சொல், பின்னால் உள்ள உணவுக்குழாய் மூடிக்கொள்ளும், முடிந்தது. மயக்கவியல் மருத்துவர் செல்லிக் 1961லேயே சொன்னது.

மெதுவா_அழுத்து: தப்பாக அழுத்தினால் மூச்சுவழியே அடைபடும் சார். இதய நிறுத்தத்தில் அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று 2010 அமெரிக்க வழிகாட்டுதலே சொல்லிவிட்டது.

பழைய_கை: வழிகாட்டுதல் எழுதுகிறவர்கள் நம் எமர்ஜென்சி தியேட்டரில் ஒரு ராத்திரி நின்று பார்க்கட்டும்.

குட்டி_பேக்: குழந்தை பேக்கில் பாப்-ஆஃப் வால்வு (அழுத்தம் கூடினால் திறந்து காற்றை வெளியே விடுவது) இருக்கிறதே, அது போதாதா?

ஐசியூ_அக்கா: அது பெரும்பாலும் 40 செ.மீ. நீரழுத்தத்துக்குத்தான் திறக்கும், அதற்குள் வயிற்றுக்குக் காற்று போய்விடும். உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரல் விரியாது, நாமும் பதறி இன்னும் ஓங்கி அழுத்துவோம், வயிறு இன்னும் ஏறும். அப்புறம் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கும். ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) விட்டுக் காற்றை எடுங்கள், கையால் வயிற்றை அமுக்கிவிடாதீர்கள். கேட்டவர் எங்கே போனார்?

சிஆர்ஆர்ஐ_தவிப்பு: பெரியவர்தான், பருமனான உடம்பு, ஏர்வே இல்லை, நான் ஒரே ஆள். இன்றும் அதே மாதிரி ஒரு கேஸ், ஏர்வே போட்டு நான் இரண்டு கையாலும் மாஸ்க் பிடித்தேன், சிஸ்டர் பேக் அழுத்தினார், நெஞ்சு நன்றாக எழும்பியது. அடுத்த கேஸ் கூப்பிடுகிறார்கள், நன்றி அக்கா.

பழைய_கை: கிரிக்காய்டு பிடித்தாயா இல்லையா, அதைச் சொல்லவில்லையே தம்பி.