அத்தை கேட்ட கேள்வியும் 1970-களின் வட்டிக் கணக்கும்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு இரவு

ரவி அத்தான்: ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன், எல்லாரும் பாருங்க. 1970-கள்ல அமெரிக்காவுல பணவீக்கம் ஏறி, இறங்கி, மறுபடியும் இன்னும் பெருசா ஏறிச்சு. இப்பவும் அதே வளைவுல போறோம்னு அப்போதைய கோடு, இப்போதைய கோடு ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுக் காட்டறார்

ரவி அத்தான்: மாமா, நீங்க பார்த்துட்டுச் சொல்லுங்க

அத்தை: எனக்கு ஒண்ணு புரியல. பணவீக்கம் 9-ல இருந்து 3-க்கு வந்துடுச்சுங்கறாங்க. விலை எதுவுமே இறங்கலையே?

மீனா: அத்தை, அது விலை ஏறுற வேகம். 100-ஆ இருந்தது ஒரு வருஷம் 9% ஏறினா 109. அடுத்த வருஷம் 3% ஏறினா 112-ஐத் தாண்டிடும். வேகம்தான் குறைஞ்சுது, 100-க்குத் திரும்பல

அத்தை: அப்போ ஏறினது ஏறினதுதானா?

மீனா: பெரும்பாலும் ஆமா. சம்பளம் அதுக்கு ஈடா ஏறினாத்தான் உண்டு

அத்தை: இதை செய்தியில இப்படியே சொல்லலாமே. குறைஞ்சுது குறைஞ்சுதுன்னா விலை இறங்கிடுச்சுன்னுதானே ஜனங்க நினைப்பாங்க

பெரியப்பா: வீடியோ பார்த்தேன் ரவி. ரெண்டு கோடும் ஒரே மாதிரி இருக்கறது நிஜம்தான். ஆனா வட்டி விகிதத்தை அவர் எங்கயுமே காட்டல. முழு விஷயமும் அங்கதான் இருக்கு

பெரியப்பா: 1971 ஆகஸ்ட்ல அமெரிக்க அதிபர் நிக்சன் டாலரைத் தங்கத்துல இருந்து கழட்டி விட்டார், அதாவது டாலருக்குப் பதிலா தங்கம் தர்றதை நிறுத்திட்டார். கூடவே சம்பளம், விலை ரெண்டையும் 90 நாளைக்கு ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு. 1973 அக்டோபர்ல அரபு நாடுகளோட எண்ணெய்த் தடை. பீப்பாய் 3 டாலர் பக்கம் இருந்தது சில மாசத்துல 12 டாலர் கிட்டப் போயிடுச்சு. 1974 கடைசியில அங்க பணவீக்கம் 12%-க்கு மேல

ரவி அத்தான்: எண்ணெய்தானே காரணம்? இதுல மத்திய வங்கி என்ன பண்ணும்? வட்டியை ஏத்தினா எண்ணெய் ஊறுமா மாமா?

பெரியப்பா: ஊறாது. அப்போ அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், அதான் ஃபெட், அதோட தலைவரா இருந்த ஆர்தர் பர்ன்ஸும் எண்ணெய், உணவு, தொழிற்சங்கம்னு வெளியில இருந்த காரணங்களைத்தான் சொல்லிட்டிருந்தார். ஆனா எண்ணெய்த் தடைக்கு முன்னாடியே, 1972 தேர்தல் வருஷத்துல, பணத்தைத் தாராளமா விட்டாச்சு. நிக்சன் அவரை நெருக்கினது வெள்ளை மாளிகை ஒலிநாடாவுலயே இருக்கு

பெரியப்பா: 1975-ஐ மட்டும் பாரு. அந்த வருஷ சராசரிப் பணவீக்கம் 9%. ஃபெட் வட்டி சராசரி 6%-க்கும் கீழ. கடன் வாங்கினவனுக்கு லாபம், சேர்த்து வெச்சவனுக்கு நஷ்டம். வேலையில்லாதவங்க எண்ணிக்கை கூடினதும் பயந்து வட்டியை இறக்கினாங்க. நெருப்பு அணையவே இல்ல. 1979-ல ஈரான் புரட்சி வந்து எண்ணெய் மறுபடி ஏறினப்போ, 1980 மார்ச்ல பணவீக்கம் 14.8%

மீனா: பெரியப்பா, அந்த 14.8-ல ஒரு சிக்கல் இருக்கு, சொல்லட்டுமா?

பெரியப்பா: சொல்லும்மா

மீனா: அப்போ பணவீக்கத்தைக் கணக்குப் போடற அமெரிக்க விலைக் குறியீட்டுல வீட்டுக் கடன் வட்டியும் ஒரு செலவாச் சேர்ந்திருந்தது. ஃபெட் வட்டியை ஏத்த ஏத்த குறியீடும் கூடவே ஏறும். 1983-ல அதை எடுத்துட்டு, சொந்த வீட்டை வாடகைக்கு விட்டா என்ன வரும்ங்கற கணக்கைச் சேர்த்தாங்க. அதனால 1980-ஓட 14.8-ம் 2022 ஜூனோட 9.1-ம் ஒரே அளவுகோல்ல வந்த எண்கள் இல்ல. இன்னிக்கு முறையில போட்டா 1980 உச்சம் கீழதான் வரும்

ரவி அத்தான்: அப்போ 2022 நாம நினைச்சதைவிட மோசம்னுதானே அர்த்தம்? வீடியோக்காரர் சொல்றது இன்னும் வலுவாகுது

மீனா: உயரத்தைப் பொறுத்தவரைக்கும் ஆமா அத்தான். ஆனா அது நீடிச்ச காலம் வேற. 2022 ஜூன்ல 9.1, 2023 ஜூன்ல 3.0

அத்தை: அண்ணா, 1980-ல எப்படித்தான் அடக்கினாங்க?

பெரியப்பா: பால் வோல்க்கர்னு ஒருத்தர் 1979 ஆகஸ்ட்ல ஃபெட் தலைவரா வந்தார். அக்டோபர் 6, சனிக்கிழமை சாயங்காலம், யாரும் எதிர்பார்க்காத நேரத்துல அறிவிப்பு: இனி பண அளவைத்தான் கட்டுப்படுத்துவோம், வட்டி எங்க போனாலும் போகட்டும்னு. அது 20% பக்கம் போச்சு. 1981 அக்டோபர்ல 30 வருஷ வீட்டுக் கடன் 18%-க்கு மேல

பெரியப்பா: வீடு கட்டறவங்க, வீட்டுச் சட்டகத்துக்கு அறுக்கற மரத்துண்டுகள்ல கோரிக்கையை எழுதி ஃபெட் அலுவலகத்துக்குத் தபால்ல அனுப்பினாங்க. கார் விக்கறவங்க, விக்காம நின்ன காரோட சாவிகளைச் சவப்பெட்டியில போட்டு அனுப்பினாங்க. விவசாயிங்க டிராக்டரோட வந்து அந்தக் கட்டடத்தையே மறிச்சாங்க. 1982 கடைசியில வேலையில்லாதவங்க 10.8%. டாலர்ல கடன் வாங்கின மெக்சிகோ அந்த ஆகஸ்ட்ல கட்ட முடியலன்னு கைவிரிச்சுது

அத்தை: பணவீக்கம்?

பெரியப்பா: 1983-ல 3% பக்கம் வந்துடுச்சு

அத்தை: வேலை போனவங்கதானே அந்த 3%-க்கு விலை கொடுத்தாங்க. வோல்க்கரைப் பெரிய மனுஷர்னு சொல்றப்போ அவங்களையும் சேர்த்துச் சொல்லணும்

பெரியப்பா: சத்தியமான பேச்சு. நானும் வகுப்புல அந்த 10.8-ஐச் சொல்லாம வோல்க்கர் பேரை எடுத்ததே இல்ல

கார்த்தி: இப்பதான் மொத்தமும் படிச்சேன். இந்தத் தடவை ஏன் அவ்வளவு வேலை போகல பெரியப்பா?

பெரியப்பா: தாமதமாத்தான் ஆரம்பிச்சாங்க. 2021-ல விலை ஏறுறது தற்காலிகம்னே ரொம்ப நாள் சொல்லிட்டு, 2022 மார்ச்லதான் வட்டியில முதல் உயர்வு. அப்போ பணவீக்கம் 8%-ஐ ஒட்டி. ஆனா அதுக்கப்புறம் விடல. 0.25-ல இருந்து 2023 ஜூலைக்குள்ள 5.5, மொத்தம் 11 தடவை. கொரோனாவுல அடைஞ்சு கிடந்த சரக்குப் போக்குவரத்தும் அதுக்குள்ள சீராச்சு. 2023 முழுக்க வேலையில்லாதவங்க 4%-ஐத் தாண்டவே இல்ல

மீனா: எதிர்பார்ப்பும் பெரிய காரணம் அண்ணா. அடுத்த 5, 10 வருஷத்துல விலை எப்படி ஏறும்னு மிச்சிகன் பல்கலைக்கழகம் மக்கள்கிட்ட கேக்கும். 1980-ல 9%-க்கு மேல சொன்னாங்க. 2022-ல 3% பக்கம்தான். ஏறிட்டேதான் இருக்கும்னு எல்லாரும் நம்பிட்டா, முன்கூட்டியே சம்பளம் கேப்பாங்க, விலையும் வைப்பாங்க. அதை உடைக்கத்தான் வோல்க்கருக்கு 20% தேவைப்பட்டுது

ரவி அத்தான்: அந்த நம்பிக்கை போயிடுச்சுன்னா?

பெரியப்பா: துருக்கியைப் பாரு. 2021 செப்டம்பர்ல வட்டி 19%. விலை ஏறிட்டிருக்கறப்பவே இறக்கத் தொடங்கி, 2023 பிப்ரவரியில 8.5-க்குக் கொண்டு வந்தாங்க. நடுவுல 2022 அக்டோபர்ல பணவீக்கம் 85%. கடைசியில 2024 மார்ச்ல வட்டியை 50%-க்கு ஏத்த வேண்டி வந்துது

ரவி அத்தான்: ஒத்துக்கறேன். ஆனா மாமா, அமெரிக்காவும் 2024 செப்டம்பர்ல இறக்க ஆரம்பிச்சுது. அப்போ பணவீக்கம் இன்னும் ஃபெட்டோட 2% இலக்குக்கு வரல. பர்ன்ஸ் பண்ணினது இதைத்தானே?

பெரியப்பா: இல்ல. 1975-ல வட்டி பணவீக்கத்துக்குக் கீழ. 2024-ல வட்டி 5%-க்கு மேல, பணவீக்கம் 2.5. வட்டி மேல நிக்கறப்போ இறக்கறது வேற, கீழ இருக்கறப்போ இறக்கறது வேற. கோடு ஒண்ணு மாதிரி இருந்தாலும் அது 1975 இல்லன்னு நான் சொல்றது இதனாலதான்

ரவி அத்தான்: சரி. அப்போ பயமே இல்லைங்கறீங்களா?

பெரியப்பா: இருக்கு, வேற இடத்துல. 1980-ல அமெரிக்க அரசோட கடன் அந்த நாட்டு ஆண்டு உற்பத்தியில மூணுல ஒரு பங்கு. இப்போ ஆண்டு உற்பத்தியையே தாண்டிடுச்சு. வட்டி ஏறினா அரசாங்கமே முதல்ல அலறும். வங்கிகளும்தான்: 2023 மார்ச்ல அமெரிக்காவுல சிலிக்கான் வேலி வங்கி விழுந்துது. வட்டி ஏறினதும் கையில இருந்த பழைய கடன்பத்திரங்களோட மதிப்பு சரிஞ்சதுதான் ஆரம்பம். வோல்க்கர் மாதிரி ஒருத்தர் மறுபடி வந்தாலும், 20% வரைக்கும் போக அவரை யாரும் விடுவாங்கன்னு எனக்குத் தோணல