சேலம் – ஏற்காடு – குப்பனூர்: மவுண்டன் பைக்கில் ஒரே நாளில் 90 கி.மீ., என்னென்ன தயார் செய்யணும்?

மேட்டுப்பாதை:
வணக்கம் நண்பர்களே. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் போவதாகத் திட்டம். சேலத்தில் கிளம்பி அடிவாரம் வழியாக ஏற்காடு ஏரி வரை சுமார் 30 கி.மீ. அங்கிருந்து 32 கி.மீ. லூப் ரோடு; நடுவில் மண் பாதை கிடைக்கும் இடங்களில் இறங்கி ஏறுவோம். திரும்பும்போது கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறங்கி அயோத்தியாப்பட்டணம்.

வண்டி 29 இன்ச் ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்). முன்னால் மூன்று செயின்வீல், பின்னால் 8 கியர், 2.25 டயர், டியூப்தான், கேபிள் டிஸ்க் பிரேக். என் எடை 72 கிலோ. ஏற்றத்துக்கு இந்த கியர் போதுமா? அதற்குள் டியூப்லெஸ் ஆக்கிவிடலாமா? தண்ணீர், சாப்பாடு எவ்வளவு எடுத்துப் போகணும்?

ரோட்டர்160:
கியர் தாராளமா போதும். அடிவாரத்துல இருந்து ஏரி வரைக்கும் 20 கி.மீ. சொச்சத்துல ஏறக்குறைய 1,100 மீட்டர் ஏறுறீங்க, சராசரி சரிவு 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. சின்ன செயின்வீல்ல போட்டு உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். மணிக்கு 8 கி.மீ.ன்னு கணக்கு வெச்சா இரண்டரை மணி நேரம். பக்கத்துல வர்றவர்கிட்ட முழு வாக்கியமா பேச முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா ஒரு கியர் குறைச்சுடுங்க.

நீங்க கேட்காத ஒண்ணுதான் எனக்குக் கவலை: இறக்கம். அதுவும் கேபிள் டிஸ்க்ல.

பெரும்பாலான கேபிள் டிஸ்க்ல வெளிப்பக்க பேட் (உரசி நிறுத்தற கட்டை) மட்டும்தான் நகரும். அது ரோட்டரை, அதாவது சக்கரத்தோட சுத்தற இரும்புத் தட்டை, வளைச்சுக்கிட்டுப் போய் உள்பக்க பேட் மேல அழுத்தும். பேட் தேய்ஞ்சதும் பலரும் பிரேக் பிடிகிட்ட இருக்கற திருகை வெளியே திருகி கேபிளை டைட் பண்றாங்க. அப்படிச் செஞ்சா காலிப்பர்ல (பேடைப் பிடிச்சிருக்கற பாகம்) கேபிள் இழுக்கற கை பாதி தூரம் போன நிலையிலேயே நின்னுடும். மீதி தூரத்துல அழுத்தம் வராது, பிடி ஹேண்டில்பாரைத் தொட்டுடும். இது பத்தாவது வளைவுல தெரிஞ்சா தாமதம்.

சரியான வழி: திருகை முழுசா உள்ளே விடுங்க. காலிப்பர்ல கேபிள் போல்ட்டைத் தளர்த்தி, காலிப்பர் கை முழுசா பின்னால வரட்டும். உள்பக்க பேடை ஆலன் கீயால திருகி, ரோட்டருக்கும் பேடுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையற இடைவெளி வைங்க. அப்புறம் கேபிளைக் கையால இழுத்துப் பிடிச்சு போல்ட்டை முறுக்குங்க. பேடோட தகடு நீங்கலா மீதி 1 மி.மீ.க்குக் கீழே இருந்தா மாத்திடணும். ரோட்டர்ல 'ரெசின் ஒன்லி'ன்னு அடிச்சிருந்தா மெட்டல் பேட் போடக்கூடாது, ரோட்டர் சீக்கிரம் தேய்ஞ்சுடும்.

புது பேடை மலைக்குப் போற அன்னைக்கே மாட்டாதீங்க. ஒரு வாரம் முன்னாடியே மாட்டி, சமதளத்துல 20 கி.மீ. வேகத்துல இருந்து நடை வேகம் வரைக்கும், சக்கரம் பூட்டாம, முன் பிரேக்குக்கு 20 தடவை, பின் பிரேக்குக்கு 20 தடவை பிடிச்சு விடுங்க. அப்பதான் பேடும் ரோட்டரும் ஒண்ணோட ஒண்ணு படியும்.

இறங்கும்போது லேசா பிடிச்சுக்கிட்டே வர்றதுதான் பெரிய தப்பு. சூடு ஆற நேரமே கிடைக்காது. பேட் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆகிடும், கருகல் வாசனை வரும், பிடி இருந்தும் வண்டி நிக்காது. வளைவுக்கு முன்னாடியே அழுத்திப் பிடிச்சு வேகத்தைக் குறைங்க, வளைவுக்குள்ள விட்டுடுங்க. நாலைஞ்சு வளைவுக்கு ஒரு தடவை ஓரமா நிறுத்தி அஞ்சு நிமிஷம் ஆறவிடுங்க. சூடான ரோட்டர் மேல தண்ணி ஊத்தினா கோணிடும். கையும் வைக்காதீங்க, தோல் உரிஞ்சுடும்.

முள்ளும்டியூப்பும்:
டியூப்லெஸ் இந்தப் பயணத்துக்கு முன் வேண்டாம். ரிம் டேப் சரியாக ஒட்டாமல் காற்று கசிவது முதல் இரண்டு வாரத்தில்தான் தெரியும். 29 இன்ச் 2.25 டயருக்கு ஒரு சக்கரத்துக்கு 100 மி.லி. சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) வேண்டும், நம் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்திலேயே காயத் தொடங்கும். பொறுமையாக வெயில் காலத்துக்கு முன் செய்யுங்கள்.

டியூப்போடு போவதானால், உங்கள் எடைக்குத் தார் ஏற்றத்தில் காற்றழுத்தம் 35 பி.எஸ்.ஐ. ஏரிக்கரையில் நிறுத்தி முன்னால் 27, பின்னால் 30 என்று இறக்குங்கள். இதற்கும் கீழே போனால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ஒரே ஓட்டை என்றால் முள்.

முள் என்றால் டியூப்பை மாற்றிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். முள் டயரிலேயே இருக்கும். சேலத்தைச் சுற்றியுள்ள சமதளத்தில் சீமைக் கருவேலமுள்தான் பெரிய தொல்லை. முள்ளின் அடிப்பகுதி ஒடிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி. ஆள் ஏறி உட்காரும்போதுதான் அது உள்ளே எட்டிப் பார்க்கும். இதற்கு ஒரு பழக்கம் வேண்டும்: டயரில் எழுத்து இருக்கும் இடம் எப்போதும் வால்வுக்கு நேராக வருமாறு மாட்டுங்கள். பஞ்சரான டியூப்பில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் என்று பார்த்து, டயரில் அதே தூரத்தில் தேடினால் முள் கிடைத்துவிடும். உள்பக்கத்தை விரலால் தடவாமல் பருத்தித் துணியால் தடவுங்கள். துணியின் நூல் முள்ளில் மாட்டும். பிடுங்க ஒரு சின்ன இடுக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு இரண்டு டியூப், ஒட்டும் பேட்ச் ஆறு, இரண்டு டயர் லீவர், கைப்பம்ப். பம்ப் உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே அடித்துப் பாருங்கள். டயர் கிழிந்தால் உள்ளே வைக்க, காலி பற்பசை டியூப்பை அறுத்துக் கழுவி உள்ளங்கை அளவு ஒரு துண்டு. 8 கியர் செயினுக்கான இணைப்புக் கண்ணி இரண்டு, செயின் கட்டர் ஒன்று. 10, 11 கியர் கண்ணி உங்கள் செயினுக்குச் சேராது.

மேட்டுப்பாதை:
ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். பின் டிரெய்லியர் (செயினை கியர் மாற்றும் பாகம்) உடைந்தால் என்ன செய்வது? எஸ்டேட் மண் பாதைகளில் சைக்கிள் விடுவார்களா?

சேர்வராயன்சாரல்:
டிரெய்லியரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டுதான் முதலில் வளையும். அது வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்பட்டது, ஃபிரேம் தப்பிக்க. மாடலுக்கு மாடல் வேறு, ஏற்காட்டில் தேடிக் கிடைக்காது. உங்கள் ஃபிரேமுக்கானதை முன்பே வாங்கிப் பையில் போடுங்கள். கீழே விழுந்தபின் ஹேங்கர் உள்ளே வளைந்திருந்தால் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்குப் போகாதீர்கள். டிரெய்லியர் ஸ்போக்ஸில் சிக்கிச் சக்கரத்தையே முறித்துவிடும்.

பாதை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போவது குற்றம், சைக்கிளாக இருந்தாலும். காபித் தோட்டப் பாதைகள் தனியார் நிலம். ஜனவரி காபிப் பழம் பறிக்கும் காலம். ஆட்கள் வேலை செய்வார்கள், காயவைக்கும் களத்தில் காபி பரப்பியிருக்கும். கேட்டில் நின்று கேளுங்கள், வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் ஊருக்கு ஊர் போகும் பொது மண் பாதைகளே உங்களுக்குப் போதும்.

தோட்டங்களில் காட்டுமாடு வரும், காலையிலும் மாலையிலும். கண்டால் நில்லுங்கள், மணி அடிக்காதீர்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகாதீர்கள். அது நகர்ந்த பிறகு போகலாம்.

சாப்பாடு: மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழம் 25 கிராம் தரும். பசித்த பிறகு சாப்பிட்டால் பிந்திவிட்டது என்று அர்த்தம், 40 நிமிடத்துக்கு ஒரு முறை கடியுங்கள். கடலை மிட்டாய் நல்லதுதான், ஆனால் ஏற்றத்தில் வேண்டாம். கொழுப்பு செரிக்க நேரமாகும், வாயும் வறளும். ஏற்றத்துக்குப் பேரீச்சை. தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். இரண்டு லிட்டரோடு ஏறி, ஏரிக்கரையில் நிரப்புங்கள். வெறும் தண்ணீராகவே குடித்தால் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல் வரும். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 20.5 கிராம் என்றால் அது ஒரு லிட்டருக்கு. அதை 750 மி.லி. பாட்டிலில் கொட்டிக் கலக்காதீர்கள்.

நேரம்: காலை 5.30க்கு விளக்கோடு கிளம்பினால் 9.30க்குள் ஏரி. லூப் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் நாலு மணி நேரம். 2.30க்குக் குப்பனூர் இறக்கத்தைத் தொட்டாக வேண்டும். பிந்தினால் மண் பாதையைக் குறையுங்கள். மழை பெய்திருந்தால் முதல் நாள் மாலை உள்ளூரில் விசாரியுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து ஏற்காடு மலைப்பாதையில் போக்குவரத்தே நின்றது. செம்மண் ஈரமாக இருந்தால் டயர் கட்டைகளுக்கு நடுவில் அப்பிக்கொண்டு ஃபோர்க்கில் உரசும். அன்றைக்குத் தார் ரோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரோட்டர்160:
ஒண்ணு விட்டுப்போச்சு. குப்பனூர் இறக்கம் தொடங்கறதுக்கு முன்னாடி சீட்டை மூணு செ.மீ. இறக்குங்க. பழைய உயரத்துல சீட் கம்பி மேல ஒரு சுத்து இன்சுலேஷன் டேப் ஒட்டி வெச்சா, கீழே வந்ததும் அளக்காம ஏத்திக்கலாம்.