புதுப்பிப்பு: சர்வர் ஓடுகிறது, சத்தமும் அடங்கியது

சைபர் பாதுகாப்பு படிக்க, படுக்கையறையிலேயே வைக்கும்படி ஒரு சர்வர் வேண்டும், பழைய ரேக் சர்வர் வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வேண்டாம், மினி பிசி போதும் என்றீர்கள். நீங்கள் சொன்னதுதான் சரி.

செகண்ட் ஹேண்டில் ஐ5-8500டி சிப் உள்ள பெட்டி கிடைத்தது. 6 கோர், 35 வாட். 32 ஜிபி ரேம் இரண்டு போட்டு, ஒரே பெட்டியில் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்ட உதவும் ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவினேன். முதல் இரண்டு நாள் விசிறி இரைந்தது. தூசி தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதும் அடங்கிவிட்டது.

முக்கியமாகச் சொல்ல வேண்டியது நெட்வொர்க் பற்றி. தாக்கிப் பழகுவதற்கான மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் 2 என்ற மெய்நிகர் மெஷினை முதலில் விஎம்பிஆர்0-இல் (வீட்டு நெட்வொர்க்கோடு சேர்க்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் பிரிட்ஜ், அதாவது மென்பொருள் இணைப்புப் பாலம்) இணைத்துவிட்டேன். அதாவது வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த மெஷின், அம்மாவின் ஃபோன் இருக்கும் அதே வீட்டு நெட்வொர்க்கில்! அதிலுள்ள விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளின் பின்கதவு, 6200-ஆம் போர்ட்டில் ரூட் ஷெல்லையே (மெஷினின் முழு அதிகாரமும் தரும் கட்டளைத் திரை) திறந்துவிடும். அன்றிரவே விஎம்பிஆர்1 என்று தனி பிரிட்ஜ் உருவாக்கினேன். அதோடு பெட்டியின் எந்த நிஜ நெட்வொர்க் கேபிள் போர்ட்டும் இணைந்திருக்காது. தாக்குதல் கருவிகள் உள்ள காளி லினக்ஸும் இலக்கு மெஷின்களும் இப்போது அதற்குள் மட்டும். காளியை அப்டேட் செய்ய மட்டும் ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் வழியாக வெளியே விடுகிறேன், இலக்குகளுக்கு அந்த வழியும் இல்லை. தயவுசெய்து இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

அப்புறம், ஸ்னாப்ஷாட் (மெஷினின் அப்போதைய நிலையின் பதிவு, பிறகு அதற்கே திரும்பலாம்) எடுத்துவிட்டுத் தாக்கினால் பயமே இல்லை. அடுத்தது விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பில் ஆக்டிவ் டைரக்டரி (நிறுவன நெட்வொர்க்கின் பயனர்களையும் கணினிகளையும் நிர்வகிக்கும் அமைப்பு). லாக் பார்க்க வாசு (Wazuh) என்ற பாதுகாப்புக் கண்காணிப்பு மென்பொருளைப் போடுகிறேன்.