பற்சில்லுச் சோதனை: 'இருபக்கக் கூட்டு' என்பதற்கு வெள்ளிக்கு முன் ஒரு சொல்

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர் — செவ்வாய் இரவு

அன்புடையீர்,

மருதானையில் கடைச்சற்பொறி (லேத்) பயிலும் தமிழ்மொழி மாணவர்களுக்கான செயன்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பற்சில்லின் (கியர்) செம்மையை எந்த முறையால் அளப்பது என்ற அத்தியாயம் மட்டும் என் மேசையில் நிற்கிறது. முறைகள் இரு குடும்பமாகப் பிரிகின்றன. பல்லிடைத் தூரம், பல்லின் வடிவம், பல்லின் சாய்வு ஆகியவற்றைத் தனித்தனியே அளந்து ஐ.எஸ்.ஓ. 1328 என்ற சர்வதேச நியமத்தின் அட்டவணையோடு ஒப்பிடுவது ஒன்று. செம்மை உறுதியான மூலச் சில்லொன்றுடன் சேர்த்துச் சுழற்றி மொத்த விளைவைப் பார்ப்பது மற்றையது. இம்மற்றையதிலும் இரு வகை உண்டு. வில்லின் விசையால் நெருக்கி, பல்லின் இரு பக்கங்களும் தொட, மையத்தூரம் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். மையத்தூரத்தை அசையாமல் வைத்து, ஒரு பக்கம் மட்டும் தொட, சுழற்சிக் கோணம் முந்துவதையும் பிந்துவதையும் பார்க்கலாம்.

நான் 'இருபக்கக் கூட்டுச் சோதனை', 'ஒருபக்கக் கூட்டுச் சோதனை' என்று எழுதியிருந்தேன். கையெழுத்துப்படியை வாசித்த மாணவர் ஒருவர், ஒருபக்கச் சோதனை என்றால் நீதியில்லாத சோதனையா என்று கேட்டுவிட்டார். உதவுங்கள்.

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் — புதன் காலை

தங்கைக்கு,

பிழை 'ஒருபக்கம்' என்ற சொல்லில் இல்லை. எதன் பக்கம் என்று சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. 'பற்பக்கம்' என்று எழுதுக. இங்கே றகரத்தை விட்டுவிட்டு, இக்காலத்தார் வழக்கப்படி 'பல்பக்கம்' என்று எழுதினால், அது பல்கோணி, பல்கலை போலப் பல பக்கங்கள் என்று பொருள்படும். பல் என்ற பெயர் வல்லினத்தின் முன் பற் ஆகும். பல என்பதன் அகரம் கெட்டு நின்ற பல் இவ்விடத்தில் அப்படியே நிற்கும். பற்சில்லுக்கும் பல்சில்லுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. பல்சில்லு என்பது எங்கள் ஊர்ப் புகையிரதம்.

அடுத்து, பற்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பிடிப்பதற்குத் தமிழில் ஆயத்தமாக ஒரு வினை இருக்கிறது: கௌவுதல். 'இருபக்கக் கௌவற் சோதனை', 'ஒருபக்கக் கௌவற் சோதனை' என்று வைக்கலாம். 'கூட்டு' எதைக் கூட்டியது என்று சொல்லவில்லை. 'கௌவல்' செயலையே காட்டுகிறது.

பஞ்சிகாவத்தை, லேத் வேலைத்தலம் — புதன் பிற்பகல்

ஐயா,

தங்களுடைய றகரத்தில் எனக்கு வழக்கில்லை. ஆனால் எங்கள் வேலைத்தலத்தில் 'கௌவல்' என்றால் நாய்தான் நினைவுக்கு வரும். பையன்கள் 'பல்லுக் கடிக்கிறது' என்கிறார்கள். 'கடி' என்றே வைத்தால் என்ன?

சொல் எதுவானாலும், எந்த முறை எதைக் காட்டாது என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். சென்ற ஆண்டு, அரைக்கும் ஆலை ஒன்றுக்காக வேறெங்கோ வெட்டிய சில்லொன்று, சத்தம் போடுகிறது என்று என்னிடம் வந்தது. மொடியூல் (பல்லின் அளவெண்) 3, 20 பற்கள். தட்டுமுனைத் திருகுக் கணிச்சியால் (டிஸ்க் மைக்ரோமீட்டர்) மூன்று பற்களை அணைத்து அளந்தேன். கணக்குப்படி 22.98 மி.மீ.; தளர்வுக்கு விட்டதுபோக, சுற்றிவர எங்கு வைத்தாலும் 22.93 வந்தது. நல்ல சில்லு என்று திருப்பி அனுப்பினேன். பத்து நாளில் அது மறுபடி வந்தது. இம்முறை துளையில் தண்டைச் செருகி, ஒவ்வொரு பற்குழியிலும் 5 மி.மீ. உருளை ஊசியை வைத்து, டயல் கேஜைத் தொடவிட்டுச் சுற்றினேன். முள் ஒரு சுற்றுக்குள் 0.16 ஏறி இறங்கியது. துளை 0.08 மி.மீ. மையம் தவறி விழுந்திருந்தது. பற்களை அணைத்து அளக்கும் முறைக்குத் துளை எங்கே இருக்கிறது என்று தெரியாது என்பதை அன்றுதான் படித்தேன்; தண்டின்மேல் வைத்து மூலச் சில்லுடன் சுழற்றியிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

அந்த 0.16க்கும் ஒரு பெயர் தாருங்கள். 'ரன் அவுட்' என்றால் பயிலுநர் கெத்தாராமை கிரிக்கெட் மைதானத்துக்குப் போய்விடுகிறார். நாங்கள் 'ஆட்டம்' என்கிறோம்.

தெஹிவளை, ஓய்வுபெற்ற பொறியியலாளர் — புதன் இரவு

நண்பர் சொன்னது முற்றிலும் சரி. மறுதலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மையம் விலக வெட்டிய சில்லைப் பின்னர் சரியான மையத்தில் பிடித்துப் பற்பக்கங்களைச் சீவினால், பற்குழிகள் துளையிலிருந்து சமதூரத்துக்கு வந்துவிடும். இருபக்கச் சோதனையில் முள் அசையாது. ஆனால் பல்லிடைத் தூரத்தின் திரண்ட விலகல் உள்ளேயே கிடக்கும். அதைக் காண ஒருபக்கச் சோதனையோ, பல்பல்லாக அளப்பதோ வேண்டும். வேலைத்தலத்தில் நூறு சில்லுகளை விரைவாகச் சலிக்க இருபக்கம் போதும். ஓசை ஏன் வருகிறது என்று தேட அது போதாது. இவ்வளவையும் 'கூட்டு' என்ற ஒரு சொல் மறைத்துவிடுகிறது என்பதால் நானும் 'கௌவல்' பக்கமே.

என் கவலை வேறு. கையேடு எங்கும் 'வழு' என்று எழுதுகிறது. பாடசாலைப் பௌதிகவியலில் பழகிய சொல்தான். எனினும் நியமம் பேசுவது விலகலைப் பற்றி. அனுமதித்த எல்லைக்குள் நிற்கும் விலகல் வழுவாகாது. 1995இல் ஐ.எஸ்.ஓ. 1328இன் முதற் பகுதி 'செம்மை' என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்திருந்தது. 2013 பதிப்பில் அது போய்ப் 'பற்பக்கப் பொறுதி (அனுமதித்த விலகலின் எல்லை) வகுப்பீடு' என்ற கருத்து வந்தது. 0 முதல் 12 வரை இருந்த வகுப்புகளும் 1 முதல் 11 வரை என்றாயின. இவற்றைத் 'தரம்' என்று மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். தரம் 5 படித்தவரைவிடத் தரம் 8 படித்தவர் மேல் என்று வளர்ந்த பிள்ளைக்கு, இங்கே 5தான் மேல் என்று சொல்ல ஒரு பாடவேளை போய்விடும். பழைய அமெரிக்க முறையில் எண் கூடக் கூடச் செம்மை கூடும் என்பது அதற்கு மேலான தலையிடி.

கொட்டாஞ்சேனை — வியாழன் அதிகாலை

பொறியியலாளர் ஐயா, தாங்கள் கேட்ட பொருளை இலக்கணிகள் எப்போதோ பெயரிட்டுவிட்டார்கள். வழு, வழாநிலை, வழுவமைதி. விதியினின்று விலகியும் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. 'பொறுதி' என்பதைத் தள்ளி 'வழுவமைதி' என்று வைத்தால், 22.98க்குப் பதில் 22.93 என்பது இலக்கணப்படியே அமைந்துவிடும்.

மேலும், நாயை நினைத்த நண்பருக்கு: கௌவை என்றால் ஆரவாரம், ஊர்ப்பேச்சு. குறளில் ஊரவர் கௌவைதான் காதல் நோய்க்கு எருவாகிறது. கௌவலில் கோளாறு இருந்தால் கௌவை எழும். சில்லின் இரைச்சலுக்கும் நாம் வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

தெஹிவளை — வியாழன் காலை

ஐயா, வழுவமைதிக்கு ஒரு காரணம் இருக்கும்: உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல் (சினம்), இழிப்பு. 0.05 மி.மீ.க்கு உவப்பும் இல்லை, செறலும் இல்லை. அது வெறும் எண். கௌவையும் கௌவலும் ஒரே வேரினவா என்பது பெரிய கேள்வி. அப்படியே ஆயினும், இரைச்சலை நன்கு காட்டுவது ஒருபக்கச் சோதனை. இருபக்கத்துக்கும் அதே பெயரைப் பொதுவாகத் தந்துவிட்டு, கௌவையை ஒன்றுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பீர்கள்?

வெள்ளவத்தை — வியாழன் மாலை

அனைவருக்கும் நன்றி. இன்றிரவு பக்கங்களை அனுப்புகிறேன். 'இருபற்பக்கக் கௌவற் சோதனை' என்று முதலில் எழுதிப் பார்த்தேன்; வகுப்பில் உரக்க வாசித்தவர் இருமுறை தடுக்கினார். ஆகவே அத்தியாயத்தின் தொடக்கத்தில் பற்பக்கம் என்பதைப் படத்துடன் விளக்கிவிட்டு, அதன்பின் 'இருபக்கக் கௌவற் சோதனை', 'ஒருபக்கக் கௌவற் சோதனை' என்று எழுதுகிறேன். வழு இருந்த இடங்களில் விலகல். தரம் இருந்த இடங்களில் வகுப்பு. பொறுதி அப்படியே நிற்கும். எந்த முறை எதைக் காட்டாது என்பதற்கு ஒரு தனிப் பக்கம் சேர்த்திருக்கிறேன், 22.93 கதையும் அதில் வருகிறது. ரன் அவுட்டுக்கு 'ஆர ஆட்டம்' என்று போட்டிருக்கிறேன், வேலைத்தலச் சொல்லைக் கைவிட மனமில்லை.

கொட்டாஞ்சேனை — வியாழன் இரவு

தங்கைக்கு, 'ஆட்டம்' என்பது கூத்துக்கும் உரியது என்பதால் எனக்கு உடன்பாடில்லை. 'பொறுதி' குறித்தும் என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். இரண்டாம் பதிப்பு வருமல்லவா?

பஞ்சிகாவத்தை — வெள்ளி காலை

பையன்களிடம் 'கௌவல்' என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார். மற்றவர், கவ்வலா கௌவலா, எப்படி எழுதுவது என்று கேட்கிறார். எதைச் சொல்ல?