மொரோக்கோ: 8 நாள்ல அட்லஸ் மலையும் சஹாராவும் சேர்த்து நடந்துட முடியுமா?

மழைக்காகிதம்:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற அக்டோபர்ல நானும் வீட்டுக்காரரும் மொரோக்கோ போலாம்னு இருக்கோம். எனக்கு 46, அவருக்கு 51. இதுவரைக்கும் மூணு நாலு நாள் ட்ரெக் நிறைய பண்ணிருக்கோம், ஆனா 2500 மீட்டருக்கு மேல போனதே இல்ல. பாலைவனம் சினிமால பாத்ததோட சரி.

ஒரு டூர் கம்பெனிகாரங்க அனுப்பின ப்ளான் இது. முதல் நாள் மராக்கேஷ்ல இறங்கி நேரா இம்லில் கிராமம். ரெண்டாவது நாள் ரெஃப்யூஜ் (மலைமேல தங்குற விடுதி) வரைக்கும் நடை. மூணாவது நாள் டூப்கல் உச்சி ஏறி அன்னிக்கே இம்லிலுக்கு இறங்கிடணும். நாலாவது நாள் டிச்கா கணவாய் வழியா ஐத் பென் ஹத்துங்கற பழைய மண்கோட்டை ஊர். அஞ்சாவது நாள் ட்ரா பள்ளத்தாக்கு வழியா பாலைவன ஓரத்துல இருக்கற ம்ஹாமித், சாயங்காலம் ஒட்டக சவாரி. ஆறாவது நாள் "பாலைவன ட்ரெக்", ஏர்க் செகாகாங்கற மணல்மேட்டுல கேம்ப். ஏழாவது நாள் மராக்கேஷ் திரும்பணும், எட்டாவது நாள் ஃப்ளைட்.

படிக்க சூப்பரா இருக்கு, ஆனா எங்கயோ இடிக்குது, எங்கன்னு சொல்லத் தெரியல. கைடு இல்லாம நாமளே போனா செலவு கம்மியாகுமாங்கறதும் ஒரு கேள்வி. அப்புறம் நான் சைவம், முட்டை சாப்பிடுவேன். அவருக்கு இடது முட்டி கொஞ்சம் தகராறு. போய்ட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

---

நடராஜாசர்வீஸ்:

இடிக்குற இடத்த நான் சொல்றேன்ங்க. ஒரு பென்சில் எடுத்து அந்த ப்ளான்ல நீங்க நெசமா கால்ல நடக்குற நாள மட்டும் சுழிச்சுப் பாருங்க. ரெண்டாவது நாள், மூணாவது நாள், அவ்ளோதான். ஆறாவது நாளுக்கு ட்ரெக்னு பேர் வச்சிருக்காங்களே தவிர ம்ஹாமித்லேர்ந்து செகாகா மணல்மேடு கிட்டத்தட்ட 50, 60 கிலோமீட்டர், அத ஒரே நாள்ல யாரும் நடக்க வைக்க மாட்டாங்க, ஜீப்ல கொண்டுபோய் இறக்கிவிட்டு சாயங்காலம் ஒரு மேட்டுல ஏறி சூரியன் மறையுறத பாக்க விடுவாங்க, அது தப்புன்னு சொல்லல, ஆனா நீங்க காசு குடுக்குறது நடக்கறதுக்கு. மராக்கேஷ்லேர்ந்து ம்ஹாமித் 450 கிலோமீட்டர் பக்கம், அதுவும் டிச்கா கணவாய்ல 2260 மீட்டர் ஏறி வளைஞ்சு வளைஞ்சு இறங்கணும், திரும்பி வர்ற ஏழாவது நாள் முழுசும் வண்டிக்குள்ளயே போய்டும்.

ரெண்டாவது இடி, அதுதான் பெரிய இடி, ஆல்டிட்யூட். மராக்கேஷ் 450 மீட்டர் சுமாருக்கு இருக்கு. இம்லில் 1740. ரெஃப்யூஜ் 3207. உச்சி 4167. முதல் நாள் ராத்திரி 1740ல தூங்கிட்டு அடுத்த ராத்திரி 3207ல தூங்குறீங்க, ஒரே தாண்டல்ல கிட்டத்தட்ட 1500 மீட்டர். 3000 மீட்டருக்கு மேல தூங்குற உயரத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்கன்னுதான் மலை மருத்துவம் சொல்லுது. டூப்கல்ல நிறைய பேர் இப்படித்தான் ஏறுறாங்க, நிறைய பேர் தலைய பிடிச்சுகிட்டு விடியக்காலைல பெட்டுலயே உக்காந்தும் இருக்காங்க. நான் போனப்ப எங்க குரூப்ல 9 பேர்ல 3 பேர் ரெஃப்யூஜ் தாண்டல. அதுல ஒருத்தன் மாரத்தான் ஓடுற பையன். உடம்பு ஃபிட்டா இருக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

அதனால நேரா ரெஃப்யூஜ் போகாதீங்க. மூணு நாள் சுத்தி வர்ற வழி இருக்கு, இம்லில் பக்கத்துலயே டிஸி ந் டமாட்டர்ட்னு ஒரு கணவாய், 2279 மீட்டர், அத ஒரு நாள் ஏறி இறங்கலாம். அப்புறம் டிஸி ந் ம்ஸிக் தாண்டி அஸ்ஸாதென் பள்ளத்தாக்குல ஒரு ராத்திரி. (டிஸின்னா அந்த ஊர் பாஷைல கணவாய், மேப்ல இந்த வார்த்தைய பாத்தாலே அன்னிக்கு மூச்சு வாங்கும்னு அர்த்தம்.) இதுல வால்நட் மரம், மொட்டை மாடி வீடு, படிப்படியா வயல்னு ஊர் ஊரா நடக்கலாம், உச்சிய விட இதுதான் எனக்கு இன்னும் நெனப்புல இருக்கு.

கைடு இல்லாம போறத பத்தி யோசிக்கவே வேணாம். 2018 டிசம்பர்ல இம்லில் பக்கத்துல ரெண்டு வெளிநாட்டு பொண்ணுங்கள கொலை பண்ணிட்டாங்க, அதுக்கப்புறம் டூப்கல் போற வழில போலீஸ் செக்போஸ்ட் வச்சு பாஸ்போர்ட் பாக்கறாங்க, லைசன்ஸ் உள்ள கைடு கூட இல்லன்னா மேல விடமாட்டாங்க. மராக்கேஷ் சந்துல சுத்திக் காட்டுற சிட்டி கைடு வேற, மலை கைடு வேற, கார்டும் வேற வேற. மலை கைடுக்குன்னு டபாந்த் கிராமத்துல தனியா ட்ரெய்னிங் சென்டரே இருக்கு. உங்க கூட மேல வரப்போறவர் மலை கைடு கார்டு வச்சிருக்காரான்னு கம்பெனிகிட்ட மெயில்லயே கேட்டு வாங்கிக்கோங்க.

---

மூச்சுமுட்டி:

முட்டின்னு படிச்சதும் ஓடி வந்தேன், ஏன்னா என் கதையும் அதேதான். எல்லாரும் ஏறுறத பத்தியே பேசுவாங்க அக்கா, ஏறுறது மூச்சு, இறங்குறதுதான் முட்டி. உங்க மூணாவது நாள் கணக்க பாருங்க, 4167லேர்ந்து 1740க்கு ஒரே நாள்ல இறக்கம், 2400 மீட்டருக்கு மேல. மேல் பாதி பூரா உதிரிக் கல்லு, ஒரு அடி வச்சா அரை அடி சறுக்கும். நான் இந்த மாதிரி ப்ளான்லதான் போனேன், கம்பெனி பேர் வேணாம், உச்சில அந்த முக்கோண இரும்பு கூண்டு பக்கத்துல சிரிச்சுகிட்டு போட்டோ எடுத்தேன், சிதி சம்ஹாரூஷ் தர்கா வர்றதுக்குள்ள ரெண்டு முட்டியும் வீங்கி பின்பக்கமா திரும்பி படி இறங்குற மாதிரி இறங்கினேன். கடைசில ஒரு கோவேறு கழுதை மேல ஏத்தி விட்டாங்க. அதுல உக்காந்து வர்றது இன்னும் பயம், அது எப்பவும் பள்ளத்து ஓரமாத்தான் நடக்கும்.

அதுக்கு அடுத்த நாளே எட்டு மணி நேரம் வேன்ல கால மடக்கி உக்காந்து, பாலைவனத்துல நான் டென்ட்ட விட்டு வெளிலயே வரல. அவ்ளோ தூரம் போய் மணல்ல ஒரு கிலோமீட்டர் கூட நடக்கல, இன்னும் வயிறு எரியுது.

அண்ணன் கிட்ட சொல்லுங்க, ட்ரெக்கிங் குச்சி ஒண்ணு போதாது, ரெண்டு வேணும். உச்சி ஏறின அன்னிக்கு ரெஃப்யூஜ்லயே இன்னொரு ராத்திரி தங்கி மறுநாள் இறங்குங்க, அந்த ஒரு ராத்திரிக்காக கம்பெனிகூட சண்ட போட்டாலும் தப்பில்ல.

சைவம் பெரிய பிரச்சன இல்ல. தஜின்னு ஒரு கூம்பு மூடி போட்ட மண்சட்டில காய் வேக வச்சு தருவாங்க, கூஸ்கூஸ், ரொட்டி, ஆலிவ், முட்டை, பருப்பு எல்லாம் கிடைக்கும். ஆனா சட்டி ஒண்ணுதான், கறியோட சேர்த்து வெந்த காய மட்டும் தனியா எடுத்து வச்சு இதான் வெஜ்னு சொல்ற இடமும் இருக்கு, ஹரிரா சூப்லயும் கறி போடுவாங்க. மொதல் நாளே சமையல்காரர்கிட்ட கைடு மூலமா தெளிவா சொல்லிடுங்க. நாலாவது நாள் அதே காய பாத்தா அழுகை வரும், கொஞ்சம் ஊறுகாய் கொண்டு போங்க.

---

கள்ளிச்செடி:

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், சண்டைக்கு வராதீங்க. உங்களுக்கு டூப்கல் எதுக்கு? வட ஆப்பிரிக்காவுலயே உசரம்னு எல்லாரும் அங்கதான் ஓடுறாங்க, அக்டோபர்ல ரெஃப்யூஜ்ல படுக்க எடமில்லாம நெருக்கியடிக்கும். மலையும் பாலைவனமும் சேர்த்து நடக்கணும்னா ஜெபல் சாக்ரோ பாருங்க. ஹை அட்லஸுக்கும் சஹாராவுக்கும் நடுவுல கெடக்குற எரிமலைப் பாறை, கருப்பா, ஊசி ஊசியா, அதிலயும் பாப் ந் அலின்னு ரெண்டு தூண் மாதிரி நிக்கிற பாறைய சாயங்கால வெளிச்சத்துல பாக்கணும். இருக்கற உச்சியே 2712 மீட்டர்தான், ஆல்டிட்யூட் தலைவலி பெருசா வராது, அண்ணன் முட்டிக்கும் டூப்கல் மாதிரி பாரம் கிடையாது. அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் சீசன், கோடைல மட்டும் போகாதீங்க, வறுத்து எடுத்துடும்.

ஐத் அத்தான்னு ஒரு கூட்டம், ஆடு மேய்க்கறவங்க, கோடைல ஹை அட்லஸ் மேல போய்ட்டு குளிருக்கு இங்க இறங்கி வருவாங்க. நீங்க போற நேரம் கருப்பு ஆட்டுமயிர் கூடாரம் வழில கண்ணுல பட வாய்ப்பிருக்கு. டீக்கு கூப்பிட்டா போங்க, சர்க்கரைய பாத்து பயப்படாதீங்க. சாக்ரோவ வடக்கிலேர்ந்து தெக்கால நாலு நாள் நடந்து ந்கோப்ல இறங்கினா அங்கேர்ந்து சாகோரா வழியா அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ம்ஹாமித். அப்புறம் மூணு நாள் ஒட்டகத்தோட மணல்ல நடை. மொத்தம் 11 நாள் வேணும். 8 நாள்தான்னா ஏதோ ஒண்ண மட்டும் வச்சுக்கோங்க.

பாலைவன நடை பத்தி ஒரு விஷயம். சஹாரான்னா பூரா மணல்னு நெனச்சுதான் நானும் போனேன். பெரும்பகுதி கல்லுத்தரை, காஞ்ச சேறு, முள்ளுச்செடி. மணல்மேடு வர்றதுக்கு முன்னாடி ஒன்றரை நாள் அதுலயேதான் நடந்தோம், மொதல்ல கடுப்பா இருந்துச்சு, அப்புறம் பாத்தா நரி கால்தடம், வண்டு கோடு, ட்ரா ஆறு எப்பவோ ஓடின தடம்னு தரை பூரா படிக்க ஏதாவது இருக்கு. காலைல ஒரு மூணு மணி நேரம், மத்தியானம் சவுக்கு மாதிரி இருக்கற ஒரு மரத்தடில படுக்கை, வெயில் தாழ்ந்ததும் ரெண்டு மணி நேரம், இதான் கணக்கு. ஒட்டகம் சாமான் தூக்கத்தான், நாம அது பின்னாடி. ராத்திரி ரொட்டிய தணலுக்கு கீழ மணல்லயே புதைச்சு சுடுவாங்க, வெளிய எடுத்து தட்டினா ஒரு மண் ஒட்டாது, எப்படின்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

வலை வலையா துணி வச்ச ஷூ போடாதீங்க, பத்து நிமிஷத்துல விரல் எல்லாம் மணல். காலைல ஷூவ தலைகீழா தட்டிட்டு போடுங்க, தேள் இருக்கற ஊரு.

---

மஸ்கட்மாமா:

8 நாள் லீவுதான்னா ஓமன் பாருங்கம்மா, இங்க தூரம் கம்மி. ஜெபல் ஷம்ஸ் 3000 மீட்டர் சுமாருக்கு, கார்லயே 2000 மீட்டர் வரைக்கும் ஏறிடலாம், வாதி குல் பள்ளத்தாக்கு விளிம்போடயே காலியா கெடக்கற ஒரு பழைய கிராமத்துக்கு நடந்து போற பாதை இருக்கு. அங்கேர்ந்து ஷர்க்கியா மணல்மேடு ஒரு பகல் வண்டிப் பயணம்கூட இல்ல. ஆனா ஒண்ணு, மொரோக்கோ மாதிரி கழுதை, சமையல்காரர், ஊர் ஊரா தங்கறதுன்னு அந்த ஏற்பாடு இங்க ரொம்ப கம்மி.

---

நடராஜாசர்வீஸ்:

கள்ளிச்செடி சொல்றதுதான் சரி, நான் டூப்கல் மயக்கத்துல சாக்ரோவ மறந்துட்டேன். ஆனா அக்காவுக்கு உச்சி ஆசை இருந்தா இன்சூரன்ஸ் பேப்பர படிச்சுட்டு முடிவு பண்ணுங்க, நிறைய பாலிசில 3000 மீட்டர் இல்ல 4000 மீட்டரோட நிறுத்திடுவாங்க, டூப்கல் 4167. ஆல்டிட்யூட் தலைவலிக்கு போடுற டயமாக்ஸ் மாத்திரை வாங்கணும்னா டாக்டர கேட்டுட்டு வாங்குங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா அத கட்டாயம் சொல்லணும். போட்டா விரல் நுனி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், பயந்துடாதீங்க. தலைவலியோட வாந்தியும் வந்தா மாத்திரைய நம்பி மேல போகாம கீழ இறங்கறதுதான் வைத்தியம்.

இன்னொண்ணு, 2023 செப்டம்பர் 8 பூகம்பம், 6.8 அளவு, 2900 பேருக்கு மேல செத்துப்போனாங்க, அடிபட்டது இந்த ஹை அட்லஸ் கிராமங்கதான். வழில இடிஞ்ச வீடு பாக்க நேரும், அத போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டுட்டு எடுங்க.

---

மழைக்காகிதம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பென்சில் வச்சு சுழிச்சதுல வீட்டுக்காரருக்கே சிரிப்பு வந்துடுச்சு, எட்டு நாள்ல ரெண்டு சுழி. லீவ மூணு நாள் நீட்டி கேட்டிருக்கேன். கிடைச்சா சாக்ரோ + ம்ஹாமித், கிடைக்கலன்னா மணல் மட்டும் நாலு நாள் நடக்கறோம், டூப்கல் கேன்சல். ஓமன் அடுத்த வருஷத்துக்கு எழுதி வச்சாச்சு மாமா. கம்பெனிகிட்ட "எத்தன மணி நேரம் நடை, எத்தன மணி நேரம் வண்டி, நாள் வாரியா எழுதி அனுப்புங்க"ன்னு கேட்டேன், ரெண்டு நாளாச்சு, பதிலே காணோம் 😀

கடைசியா ஒண்ணு, அங்க செலவுக்கு திர்ஹாம் இங்கயே மாத்திட்டு போகணுமா? அவர் புதுசா வாங்கின ட்ரோன வேற எடுத்துட்டு வரேன்னு நிக்கறார்.

---

மூச்சுமுட்டி:

பணம் அங்க போய் மாத்திக்கோங்க அக்கா, திர்ஹாம் அந்த நாட்டுக்குள்ளதான் புழங்கும், மிச்சம் வச்சா வெளிய செல்லாக்காசு. மலைக்கு போறதுக்கு முன்னாடி சின்ன நோட்டா மாத்தி வைங்க, கழுதை ஓட்டி, சமையல்காரர், ஒட்டகக்காரர்னு ஒவ்வொருத்தர் கைலயும் தனித்தனியா டிப்ஸ் குடுங்க, மொத்தமா ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு வராதீங்க.

ட்ரோன் மட்டும் வேணாம்னு கெஞ்சி சொல்லுங்க, மொரோக்கோல அதுக்கு தடை, ஏர்போர்ட்லயே பிடுங்கி வச்சுப்பாங்க. எங்க குரூப்ல ஒருத்தர் அதுக்கு ரசீது வாங்க ரெண்டு மணி நேரம் நின்னார், நாங்க எல்லாரும் வெளிய வேன்ல உக்காந்து அவர திட்டிகிட்டு இருந்தோம்.