ஸ்மார்ட் பல்பு போட்டாச்சு, இப்ப சுவத்துல இருக்க சுவிட்ச்ச என்ன பண்றது?

திருநகர்_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். ஹால்ல நாலு, பெட்ரூம்ல ரெண்டுன்னு வைஃபை பல்பு மாட்டிருக்கேன், நல்லாத்தான் எரியுது. ஆனா அம்மாவுக்கு படுக்கப் போறப்ப போர்டுல இருக்க அத்தனை சுவிட்சையும் தட்டிட்டுப் போனாத்தான் தூக்கமே வரும், அப்புறம் போன்ல எவ்வளவு தட்டுனாலும் பல்பு ஆஃப்லைன்னுதான் காட்டுது. சுவிட்ச் மேல டேப் ஒட்டுன்னு ஒருத்தர் சொன்னாரு, வேணாம்னுட்டேன், அவங்க வீட்ல அவங்க லைட்ட போட போன் எடுக்கணுமா? எனக்கு சுவத்துலயும் வேலை செய்யணும், போன்லயும் வேலை செய்யணும். பழைய வீடு, மரப்பெட்டி போர்டுதான், மேல சன்மைகா ஷீட். வந்து பாத்த எலக்ட்ரிஷியன், ஸ்மார்ட் சுவிட்ச் வைக்க நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்) வேணும், உங்க சுவிட்ச்சுக்கு அது வரல, சுவத்த வெட்டணும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. வெட்டாம வழி இருக்கா?

ஒத்தக்கடை_வயரிங்:
தம்பி, அந்த போர்டுலயே 5 ஆம்ப்ஸ் பிளக் ஒண்ணு இருக்கான்னு பாருங்க. இருந்தா நியூட்ரல் அங்கயே இருக்கு, நியூட்ரல் இல்லாம பிளக் எப்படி வேலை செய்யும்? நம்ம ஊர் போர்டுல சுவிட்சும் பிளக்கும் ஒண்ணாதான் இருக்கும், அதனால முக்காவாசி வீட்ல சுவத்த வெட்டுற வேலையே வராது. ஷீட்டோட ஸ்க்ரூவ கழட்டி திருப்பிப் பாத்தீங்கன்னா பிளக்கோட ஒரு காலுக்கு கருப்பு வயர் வந்திருக்கும், பெரும்பாலும் அதுதான். பழைய வயரிங்ல கலர நம்பக்கூடாது, டெஸ்டரும் மீட்டரும் வச்சு பாத்துக்கங்க.

என்னயக் கேட்டா பல்புல இருக்க ஸ்மார்ட்ட சுவிட்ச்சுக்குப் பின்னாடி கொண்டு போயிருங்க. சாதா எல்இடி பல்பு போட்டுட்டு, பெட்டிக்குள்ள ஷெல்லி 1, சோனாஃப் மினி மாதிரி சின்ன ரிலே (போன்ல இருந்தும் ஆன் ஆஃப் பண்ற குட்டி வைஃபை சுவிட்ச்) வச்சுட்டா பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும், அம்மா தட்டுனாலும் எரியும், போன்லயும் எரியும், நெட் போனாலும் சுவிட்ச் நிக்காது. மரப்பெட்டில எடம் தாராளமா இருக்கும், புது வீட்டு கேங் பாக்ஸ்லதான் வயர அமுக்கி மூட முடியாம திணறணும்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா மெயின ஆஃப் பண்ணது பத்தாது, லைட் லைன்ல அப்பவும் கரண்ட் இருக்கும். இன்வெர்ட்டரையும் அணைச்சு, டெஸ்டர் வச்சு பாத்துட்டுத்தான் கைய வைக்கணும்.

உசிலம்பட்டி_ராசா:
அண்ணே சொன்னது சரிதான், ஆனா கலர் மாத்துற பல்புண்டா அந்த வழி ஒத்து வராது, ரிலே கரண்ட கட் பண்ணா பல்பு திரும்ப ஆஃப்லைன்தான. நாங்க பெட்ரூம்ல கலர் பல்பத்தான் வச்சிருக்கோம். சுவிட்ச்சுக்குப் பின்னாடி ரெண்டு வயரையும் சேத்து கனெக்டர் போட்டு பல்புக்கு எப்பவும் கரண்ட் போற மாதிரி விட்டுட்டு, அந்த எடத்துல பேட்டரி பட்டன் மாட்டிட்டோம். எங்களது ஜிக்பீ பல்பு, வைஃபை இல்லாம ஹப்னு ஒரு பெட்டி வழியா ஓடுறது, பட்டன நேரா பல்போட பைண்ட் பண்ணி ஜோடி சேத்துட்டா அந்த ஹப் செத்துக் கெடந்தாலும் லைட் எரியும். உங்க வைஃபை பல்பு விஸ் (WiZ) பிராண்டா இருந்தா அதுக்குன்னே ரிமோட் இருக்கு, ரவுட்டர் இல்லாமலும் வேலை செய்யும். விஸ்ல சுவிட்ச்ச ஒரு தடவ போட்டா ஒரு வெளிச்சம், படக்குண்டு ஆஃப் பண்ணி திரும்ப போட்டா இன்னொரு வெளிச்சம்னும் செட் பண்ணலாம். காசே செலவில்ல, மொதல்ல இத செஞ்சு பாருங்க.

பட்டன டபுள் டேப்ல ஒட்டாதீங்க, டிஸ்டெம்பர் அடிச்ச சுவத்துல சித்திர வெயில்ல பெயிண்டோட சேந்து உரிஞ்சு விழுந்துரும், ஸ்க்ரூ போட்டுருங்க. அப்புறம் கரண்ட் போயி வந்தா பல்பு எப்படி இருக்கணும்ங்கிற செட்டிங்க கடைசியா இருந்த நிலைன்னு மாத்திருங்க, இல்லண்டா நடுராத்திரி கரண்ட் வந்ததும் அத்தன பல்பும் பளிச்சுண்டு எரிஞ்சு வீடே முழிச்சுக்கும்.

மேலூர்_மோகனா:
நியூட்ரலே வராத போர்டு இருக்கவங்களுக்கு ஒரு வார்த்த. நியூட்ரல் வேணாங்கிற மாடலும் விக்கிறாங்க, ஆனா அது பல்பு வழியாவே கொஞ்சமா கரண்ட் எடுத்துக்கும், அதனால ஆஃப்ல இருக்கப்பவும் சின்ன எல்இடி மினுக்கு மினுக்குன்னு எரியலாம். ஹோல்டர் பக்கம் ஒரு பைபாஸ் கெப்பாசிட்டர் போட்டா நிக்கும். ஃபேன் லைன்ல இந்த ரிலேவ போட்டு வேகத்த மாத்தலாம்னு நெனைக்காதீங்க, அதுக்கு ரெகுலேட்டர் தனியா இருக்கட்டும்.

திருநகர்_வாசி:
ஷீட்ட கழட்டிப் பாத்தாச்சு, பிளக்குல நியூட்ரல் இருக்கு, ரொம்ப நன்றிண்ணே. ஹாலுக்கு ரிலே, பெட்ரூமுக்கு பட்டன்னு முடிவு பண்ணிட்டேன். இன்னொரு சந்தேகம், மாடிப்படில கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு டூவே சுவிட்ச் இருக்கு, அங்கயும் ரிலே வைக்கலாமா?

ஒத்தக்கடை_வயரிங்:
வைக்கலாம் தம்பி. ரெண்டு சுவிட்ச்சும் சேந்து பல்புக்குப் போற அந்த கடைசி வயர ஷெல்லியோட எஸ்டபிள்யூ (SW) முனைக்கு குடுத்து, செட்டிங்ல எட்ஜ் மோடு (சுவிட்ச் நிலை மாறுற ஒவ்வொரு தடவையும் லைட்ட மாத்துறது) வச்சுருங்க, எந்தப் பக்கம் தட்டுனாலும் லைட் மாறும். சோனாஃப் மினின்னா இதே மாதிரி பண்ணிராதீங்க, அதுல எஸ்1 எஸ்2 முனைல பேஸ் (கரண்ட் வர்ற வயர்) படவே கூடாது, கரண்ட் இல்லாத வெறும் சுவிட்ச் வயர்தான் வரணும். டூவேக்கு மேலயும் கீழயும் இருக்க வயர மாத்த வேண்டி வரும், அத ஆள வச்சு செய்ங்க.